அது ரூம்மேட் சண்டை இல்லை

கேள்வி: ஆலோசனை மையம் ஒன்றில் ஆறு மாதமாக வேலை பார்க்கிறேன். 26 வயதுப் பெண் ஒருவர் வருகிறார். மூன்று வருடமாக இன்னொரு பெண்ணோடு காதலித்துச் சேர்ந்து வாழ்கிறார். அந்தத் துணை அடிக்கிறார், மிரட்டிச் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்கிறார், ‘விட்டுப் போனால் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்’ என்கிறார். எங்கள் சீனியரோ, “ரூம்மேட் சண்டைதானே, ரெண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசி அனுப்பு” என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: ஒப்பாததுதான் சரி. இருவரையும் ஒன்றாக உட்காரவைக்காதீர்கள். உங்கள் எதிரில் அவர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் அன்றிரவு வீட்டில் பதில் சொல்ல வேண்டிவரும். இருவரும் பெண்கள் என்பதால் ‘சரிக்குச் சரி’ என்று தோன்றும். யார் வாட்டசாட்டம், யார் திருப்பி அடித்தார் என்றெல்லாம் பார்க்காதீர்கள். யார் யாருக்குப் பயப்படுகிறார்? அதைப் பாருங்கள்.

இவருடைய பயம் அடியைவிட அப்பாவைப் பற்றியது. அதனால் ‘கொஞ்ச நாள் அம்மா வீட்டுக்குப் போயிரு’ என்று மற்றவர்களுக்குச் சொல்வதை இவருக்குச் சொல்ல முடியாது. வீட்டாரை நீங்களாக அழைக்கவும் கூடாது. உங்கள் ஃபைலை யார் யார் படிப்பார்கள் என்று யோசித்து எழுதுங்கள். நான் ஒருமுறை, அடுத்த சந்திப்பை நினைவூட்ட மையத்தின் பெயரோடு ஒருவருக்கு எஸ்எம்எஸ் அனுப்பினேன். படித்தது அவருடைய துணை. அப்புறம் அவர் வரவே இல்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

சட்டத்துக்கு வருவோம். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் எதிர்த்தரப்பு ‘வயது வந்த ஆண்’ ஆக இருக்க வேண்டும் என்றிருந்ததை 2016-இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் சொல்லும் ‘திருமணம் போன்ற உறவு’ என்பதில் இரு பெண்களின் வாழ்க்கை அடங்குமா என்பதற்குச் சட்டத்தில் தெளிவில்லை. வக்கீலிடம் கேளுங்கள், ஆனால் அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவை. அடிப்பதற்குப் பிரிவு 115, மிரட்டுவதற்கு 351, மிரட்டிப் பணம் பறிப்பதற்கு 308. இவற்றில் ஆண், பெண் கணக்கு இல்லை, உறவு என்னவென்று நிரூபிக்கவும் வேண்டாம். ஸ்டேஷனில் கேட்பார்கள், அது வேறு விஷயம். பால்புதுமையரை (தன்பால் ஈர்ப்புள்ளவர்கள், திருநர் போன்றோரை) துன்புறுத்தக் கூடாது என்று தமிழகக் காவலர் நடத்தை விதிகளிலேயே 2022-இல் சேர்த்திருக்கிறார்கள். கூடப் போகும்போது அதன் நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.

பெண்கள் உதவி எண் 181-க்கோ, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசின் ஒன் ஸ்டாப் சென்டருக்கோ அவரை அனுப்பும் முன் நீங்களே பேசிப் பாருங்கள். ‘பெற்றோர் நம்பர் கொடுங்க’ என்றுதான் ஆரம்பிப்பார்கள் என்றால் வேறு இடம் தேடுங்கள். ஒருவேளை அப்பாவுக்குத் தெரிந்து, வலுக்கட்டாயமாக வீட்டுக்கு இழுத்துப்போய் அடைத்துவைத்தால், அவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனு போடலாம். 2025 மே மாதம் அப்படி அடைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது.

‘விட்டுட்டு வா’ என்று மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். தன்னை யாரென்று தெரிந்து நேசித்த ஒரே ஆள் அந்தத் துணையாகவே இருக்கலாம். சர்டிஃபிகேட், ஆதார் எல்லாம் எங்கே இருக்கின்றன, துணைக்குத் தெரியாத வங்கிக் கணக்கு உண்டா என்று மெதுவாகக் கேளுங்கள். அதற்கும் முன்னால், எந்த நேரத்தில் கூப்பிட்டால் போன் அவர் கையில் இருக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.