பயணியின் டைரியோடு ஒப்பிட்டால், கப்பலின் லாக் புத்தகத்தில் (அன்றாடப் பயணப் பதிவேட்டில்) மட்டும் தேதி ஒரு நாள் கூடுதலாக இருப்பது ஏன்?

அது எழுத்துப் பிழை அல்ல. 1849-இல் பாஸ்டனிலிருந்து கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போன அந்தக் கப்பலின் லாக் புத்தகம் 'கடல் நாள்' கணக்கில் எழுதப்பட்டிருக்கும். அதில் 12ஆம் தேதி, 11ஆம் தேதி நண்பகலிலேயே தொடங்கிவிடும். தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னில் அடித்த புயல், பயணியின் டைரியில் 11 மாலை என்றும் லாக்கில் 12 என்றும் இருப்பது அதனால்தான்.

ஏதாவது ஒரு பதிவைப் பாருங்கள். பிற்பகல் முதலில் வந்து, இரவு, காலை என நகர்ந்து, மறுநாள் நண்பகலில் கணித்த அட்சரேகையோடு முடிந்தால் சந்தேகமே வேண்டாம். நண்பகல் முதல் நள்ளிரவு வரையிலான நிகழ்வுகளுக்கு மட்டும் ஒரு நாள் கழியுங்கள்.

சிலி நாட்டின் வால்பரைசோ போன்ற துறைமுகத்தில் நின்ற நாட்களில் பலர் சாதாரணத் தேதிக்கு மாறிவிடுவார்கள், அங்கே கழிக்க வேண்டாம். திருத்தங்களைத் தனித்தாளில் குறியுங்கள். மூலத்தில் பென்சில்கூடப் படக்கூடாது, தயவுசெய்து.