வேண்டியவரை ஆணையத்தில் உட்காரவைத்தால் கட்டண உத்தரவு செல்லுமா?

கோவை குறிச்சிப் பக்கம் லேத் பட்டறை நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஆளுங்கட்சிக்கு வேண்டியவரைத்தான் போடுவார்கள் என்று எங்கள் சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். அப்படி வந்தவர் கையெழுத்துப் போட்ட கட்டண உத்தரவு செல்லுமா? நியமனத்தை எதிர்த்து கோர்ட்டுக்குப் போனால் கரண்ட் பில் குறையுமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: குறையாது. நியமனமே ரத்தானாலும், அதுவரை அவர் பதவியில் இருந்து போட்ட உத்தரவுகள் பொதுவாக நிற்கும், ஏனென்றால் பதவியில் இருப்பவரை நம்பி ஊர் நடக்கிறது என்பதால் நீதிமன்றங்கள் பழைய உத்தரவுகளைக் கலைப்பதில்லை. மின்சாரச் சட்டம் 2003-இன் 93ஆம் பிரிவும், ஆணையத்தில் இடம் காலியாக இருந்தது, அதன் அமைப்பில் குறை இருந்தது என்பதை மட்டும் வைத்து அதன் நடவடிக்கைகளைக் கேள்வி கேட்க முடியாது என்றே சொல்கிறது.

சரி, நியமனத்தையாவது எதிர்க்கலாமா? எதிர்க்கலாம், ஆனால் “ஆளுங்கட்சிக்கு வேண்டியவர்” என்பது மட்டும் சட்டத்தின் முன் ஒரு காரணமே இல்லை. மாநில ஆணையத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் (மொத்தமே மூன்று பேருக்கு மேல் கூடாது) நியமிப்பது மாநில அரசுதான், சட்டமே அப்படித்தான் எழுதியிருக்கிறது. அரசு நேரடியாகப் பெயர் எழுதாமல் இருக்க 85ஆம் பிரிவில் ஒரு தேர்வுக் குழு வைத்தார்கள்: தலைவராக ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி, உறுப்பினர்களாகத் தலைமைச் செயலாளர், அப்புறம் மத்திய மின்சார ஆணையம், மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இரண்டில் ஒன்றின் தலைவர். ஒரு காலியிடத்துக்கு இரண்டு பெயர்களை இந்தக் குழு அனுப்பும், அதில் ஒருவரை அரசு எடுத்துக்கொள்ளும். உயர்நீதிமன்ற நீதிபதியைத் தலைவராக்கினால் மட்டும் குழு தேவையில்லை, தலைமை நீதிபதியைக் கலந்தால் போதும். என்னைக் கேட்டால் ஓட்டை குழுவிலேயே இருக்கிறது. கோட்டையில் முப்பது வருடம் கோப்பு பார்த்த அதிகாரி விண்ணப்பிக்கிறார், அதே கோட்டையின் தலைமைச் செயலாளர் தேர்வு செய்ய உட்கார்ந்திருக்கிறார், இதில் கட்சி தனியாக ஒன்றும் சொல்லியனுப்ப வேண்டியதில்லை. ஆனாலும் இது சட்டப்படி சரிதான்.

நீதிமன்றம் பார்ப்பது நடைமுறையை. உத்தரப் பிரதேசத்தில் 2008 டிசம்பரில் ராஜேஷ் அவஸ்தி என்பவரை மின்சார ஆணையத் தலைவராக்கினார்கள். அதற்கு முன் அவர் ஒரு தனியார் மின் நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்தவர். வேட்பாளருக்குப் பாரபட்சம் உண்டாக்கும் பண நலனோ வேறு நலனோ இல்லை என்று தேர்வுக் குழு தானே திருப்தியடைந்த பிறகுதான் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும், 85ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு அது. குழுவோ பெயரை அனுப்பிவிட்டு, அந்தச் சரிபார்ப்பை அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. உயர்நீதிமன்றம் நியமனத்தை ரத்து செய்தது, 2012 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அவர் தகுதியானவரா, நல்லவரா என்ற பேச்சுக்கே போகவில்லை, குழு செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, அவ்வளவுதான். “எந்த அதிகாரத்தில் இந்தப் பதவியில் இருக்கிறீர்” என்று கேட்கும் இந்த க்வோ வாரண்டோ ரிட்டைப் போட உங்களுக்கு நேரடி நஷ்டம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

ஆனால் உங்கள் சங்கம் கவலைப்பட வேண்டியது உட்காரும் ஆளைவிட, ஆளே இல்லாத நாற்காலியைப் பற்றி. ஆணையத்தில் சட்டம் படித்த, நீதிபதியாகத் தகுதியுள்ள ஒரு உறுப்பினராவது கட்டாயம் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2018 ஏப்ரலில் குஜராத் வழக்கில் சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் 2022இல் தமிழ்நாட்டில் கட்டண உயர்வு மனு விசாரணைக்கு வந்தபோது சட்ட உறுப்பினர் இடம் காலி. நூற்பாலைகள் தரப்பு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. அந்த இடத்தை நிரப்பும்வரை இறுதி உத்தரவு போடக்கூடாது என்றார் தனி நீதிபதி. செப்டம்பர் தொடக்கத்தில் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது, 9ஆம் தேதி ஆணையம் உத்தரவு போட்டது, 10ஆம் தேதி முதல் அமல். அதாவது காலி நாற்காலியை வைத்து சில வாரங்கள் தள்ளிப்போட முடிந்தது, பில் தப்பவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். தமிழ்நாட்டில் கட்டண உத்தரவு 2003இல் வந்தது, அடுத்தது 2010இல். அதேபோல 2014க்குப் பிறகு கட்டணம் ஏறியது 2022இல்தான். இரண்டு பெரிய கட்சிகளின் ஆட்சிக்கும் இதில் பங்கு உண்டு. மின்வாரியம் மனுவே போடாமல் இருந்தால் ஆணையத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் ஒன்றுதான் என்ற நிலை. மனு வராவிட்டால் தானாகவே எடுத்து விசாரியுங்கள் என்று 2011 நவம்பரில், ஆணைய உத்தரவுகள் மீதான மேல்முறையீட்டைக் கேட்கும் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் எல்லா மாநில ஆணையங்களுக்கும் உத்தரவிட்டது. 2014 உத்தரவு அப்படித் தானாக எடுத்துப் போட்டதுதான், அரசு நியமித்த அதே ஆட்கள் போட்டது. பிறகு எட்டு வருடம் கட்டணம் ஏறவில்லை. சேர்த்து வைத்த சுமை மொத்தமாக உங்கள் பட்டறை நிலைக் கட்டணத்தில் (மின்சாரம் ஓடாவிட்டாலும் பளுவுக்காகக் கட்டுவது) இறங்கியதற்கு இந்தத் தேக்கம்தான் பெரிய காரணம்.

பதவியில் வந்துவிட்டால் கழற்றுவதும் சுலபமில்லை. பதவியைத் தவறாகப் பயன்படுத்தினார் என்றால்கூட, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத் தலைவர் விசாரித்துச் சொன்ன பிறகே மாநில அரசு நீக்க முடியும். ஐந்து வருடம், அல்லது 65 வயது, எது முந்தியோ அதுவரை இருப்பார், இடையில் ஆட்சி மாறினாலும். இது நல்லதுக்கும்தான், கெட்டதுக்கும்தான்.

பில்தான் உங்கள் கவலை என்றால் கட்டண மனுவின் மேல் கவனத்தை வையுங்கள். மனுவின் சுருக்கம் பத்திரிகையில் வந்ததும் ஆட்சேபம் எழுதிக் கொடுங்கள், வக்கீல் தேவையில்லை. “கட்டண உயர்வை வன்மையாகக் கண்டிக்கிறோம்” என்று நூறு பேர் ஒரே கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து அனுப்புவதால் பயன் குறைவு. உங்கள் அனுமதிக்கப்பட்ட பளு எத்தனை கிலோவாட், ஆர்டர் இல்லாத மாதத்தில் நிலைக் கட்டணம் மட்டும் எவ்வளவு, உற்பத்தியில் அது எத்தனை சதவீதம் என்று மூன்று மாத பில்லோடு எழுதுங்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கும் போங்கள், 2022இல் கோவையிலேயே நடந்தது. ஆட்சேபம் பதிவாகியும் பதில் சொல்லாமல் ஆணையம் உத்தரவு போட்டால், மேல்முறையீட்டில் அதுதான் உங்கள் கைப்பிடி. அதற்கு 45 நாள் அவகாசம், செலவு இருக்கிறது, தனியாகப் போகாமல் சங்கமாகப் போங்கள். மீட்டர் கோளாறு, தவறான பில் மாதிரியானவை மின் குறைதீர் மன்றத்துக்குரியவை, அவற்றை இதில் கலக்காதீர்கள்.

நியமனத்தையும் விட மனமில்லை என்றால் எரிசக்தித் துறைக்கு ஒரு ஆர்.டி.ஐ. போதும். காலியிடத்தை எந்தத் தேதியில் தேர்வுக் குழுவுக்கு அனுப்பினார்கள், குழு எப்போது முடித்தது, எந்த இரண்டு பெயர்கள், நலன் முரண் இல்லை என்று குழு பதிவு செய்ததா என்று கேளுங்கள். பதவிக்காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே அரசு குழுவுக்கு அனுப்பியிருக்க வேண்டும், குழு மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும். அதனால் இப்போதுள்ள ஒவ்வொருவரின் பதவிக்காலமும் முடியும் தேதியைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து ஆறு மாதத்தைக் கழியுங்கள். அந்தத் தேதி தாண்டிய வாரமே ஆர்.டி.ஐ. மனுவைப் போட்டுவிடுங்கள், ஆள் வந்து உட்கார்ந்த பிறகு கேட்டால் தாமதம்தான்.