மூன்றில் எதை விடுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 21. பல்கலைக்கழக அணிக்காக 400 மீட்டர் ஓடுகிறேன். ஒரு நாடகக் குழுவில் நடிக்கிறேன். சிறுகதைகளும் எழுதுகிறேன்; இரண்டு அச்சாகியிருக்கின்றன. "ஒன்றை உருப்படியாகப் பிடித்துக்கொள்" என்கிறார்கள் வீட்டில். கோச்சும் அதையேதான் சொல்கிறார். எதை விடுவது?

வி.

அன்புள்ள வி.,

எதையும் விட வேண்டாம். ஆனால் மூன்றுக்கும் சமமாக நேரம் பிரித்துக் கொடுக்கவும் வேண்டாம்.

இப்போதைக்கு ஓட்டம்தான் முன்னால் போக வேண்டும். 400 மீட்டரில் பெரும்பாலோர் தங்கள் சிறந்த நேரத்தை எட்டுவது இருபதுகளில்தான். நாற்பதில் எழுத வந்து சாதித்தவர்கள் உண்டு. ஓட்டத்தில் அந்தச் சலுகை இல்லை.

அமெரிக்கரான பால் ராப்சனைப் பாருங்கள். 1917, 1918 இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் தலைசிறந்த கல்லூரிக் கால்பந்து வீரர்களில் ஒருவராகத் தேர்வானார் (அவர்கள் ஊர்க் கால்பந்து, மோதி விழுத்தும் ஆட்டம்). சட்டம் படித்துக்கொண்டே தொழில்முறை அணிகளில் ஆடினார்; அந்த நாட்களிலேயே மேடையும் ஏறிவிட்டார். 1943-இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவாக நின்றபோது வயது 45. தன் வாழ்வைப் பற்றிய புத்தகம் வந்தது 1958-இல், அறுபதை ஒட்டி.

சரி, நாம் போட்ட வரிசைப்படியே எல்லாம் நடக்குமா? நடக்காமலும் போகலாம். அல்ஜீரியாவில் கால்பந்து கோல்கீப்பராக இருந்த பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யூவுக்குப் பதினேழு வயதில் காசநோய் வந்தது. ஆட்டம் அத்தோடு போயிற்று. பிறகு நாடகக் குழு தொடங்கினார், நடித்தார், இயக்கினார், எழுதினார். 1957-இல் நோபல் பரிசு. உங்களுக்கும் ஒரு தசைக்கிழிவு வரலாம். அன்றைக்குப் போய் நிற்க இன்னொரு இடம் உயிரோடு இருக்க வேண்டும். மற்ற இரண்டையும் விடாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

கடுமையான பயிற்சி நாளில் புதிதாக எழுத உட்காராதீர்கள், வராது. முந்தைய பக்கத்தை வாய்விட்டுப் படித்து, வேண்டாததை அடியுங்கள். களைத்த உடம்பு அலங்கார வாக்கியத்தைப் பொறுக்காது, நன்றாகவே வெட்டும். புதுக்கதை ஓய்வு நாளுக்கு. வசன மனப்பாடத்தை, பயிற்சி முடிந்து மூச்சு இறங்க நடக்கிறீர்களே, அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டம் உங்கள் நடிப்பைக் கெடுக்காது, வளர்க்கும். கடைசி 100 மீட்டரில் தோள் மேலே ஏறும், தாடை இறுகும். "முகத்தைத் தளர்த்து" என்று கோச் கத்துவார், இல்லையா? மேடையில் உணர்ச்சி உச்சத்துக்குப் போகும்போதும் அதே தாடைதான் இறுகுகிறது, சொற்கள் உள்ளேயே போய்விடுகின்றன. தளர்த்துவது எப்படி என்று உங்கள் உடம்புக்கு ஏற்கெனவே தெரியும். பல வருடம் மேடையில் இருப்பவர்களுக்கும் சுலபத்தில் கைவராத விஷயம் அது.

வருமானம் மூன்றிலும் நிலையில்லாதது. நாலாவதாக ஒரு வேலை தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

கோச்சிடம் "மூன்றும் வேண்டும்" என்று வாதாடப் போகாதீர்கள். இந்த சீசனின் போட்டித் தேதிகளை வாங்கி, அப்படியே நாடகக் குழுவிடம் கொடுங்கள். அந்த வாரங்களில் ஒத்திகைக்கு வர முடியாது என்று இப்போதே சொல்லிவிட்டால், அவர்களும் அதற்கேற்ற வேடமாகக் கொடுப்பார்கள்.