பல்கலைக்கழக மானியமும் பிடிபிடிஎன் கடனும்: சுங்கை சிப்புட் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

மலேசியாவின் பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றின் நிதிப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பிடிபிடிஎன் என்பது உயர்கல்வி மாணவர்களுக்குக் கடன் தரும் அரசுக் கழகம். நம் ஊரிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இருந்து பெற்றோரும் மாணவரும் அனுப்பிய கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த துறைக்குள் நின்று பதில் தருகிறேன்.

கேள்வி (செம்பனைத் தோட்டத் தொழிலாளி, இரு பிள்ளைகளின் தந்தை): 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் உயர்கல்வி அமைச்சுக்கு 18 பில்லியன் ரிங்கிட் என்று வானொலியில் கேட்டேன். அவ்வளவு பணம் இருக்கும்போது பல்கலைக்கழகங்கள் ஏன் பணமில்லை என்கின்றன?

பதில்: ஐயா, அந்த 18 பில்லியன் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் உரியதன்று. பாலிடெக்னிக்குகள், சமூகக் கல்லூரிகள், அமைச்சின் நிர்வாகம், புதுக் கட்டடங்கள் என எல்லாம் அதற்குள் அடங்கும். வரவு செலவுக் கணக்கில் நிர்வாகச் செலவு ஒன்று, மேம்பாட்டுச் செலவு ஒன்று என இரண்டு பைகள் உண்டு. விரிவுரையாளர் சம்பளம், மின்கட்டணம், நூலகச் சந்தா, விடுதிப் பராமரிப்பு ஆகியவை முதல் பையிலிருந்து வர வேண்டும். புதிய மண்டபம் கட்டத் தந்த பணத்தைச் சம்பளத்துக்கு எடுக்க முடியாது. ஆகவே மொத்தத் தொகை கூடிய ஆண்டிலும் ஒரு பல்கலைக்கழகத்தின் அன்றாடச் செலவு இறுக்கமாகவே இருக்கக்கூடும்.

நீண்ட காலமாக இந்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்கள் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை அரசிடமிருந்தே பெற்று வந்தன. 2015 முதல் 2025 வரைக்கான உயர்கல்விப் பெருந்திட்டம், அவை தம் வருவாயைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தியது. 2017ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 20 பொதுப் பல்கலைக்கழகங்களின் நிர்வாக ஒதுக்கீடு 7.57 பில்லியனிலிருந்து 6.12 பில்லியனாகக் குறைந்தது. அதாவது ஐந்தில் ஒரு பங்கு ஒரே ஆண்டில் போயிற்று. நான் அப்போது பணியில் இருந்தேன். இளங்கலை மாணவரின் கட்டணத்தை நினைத்த மாத்திரத்தில் உயர்த்த எங்களுக்கு அதிகாரம் இல்லாததால், கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான் வெட்டினோம். ஒப்பந்த ஆசிரியர்கள் சிலருக்குப் பணி நீட்டிப்பு கிடைக்கவில்லை. ஆய்விதழ்ச் சந்தாக்கள் நின்றன. ஒழுகும் விடுதிக் கூரைகள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. அந்தக் கூரையின் கீழ் வாளி வைத்துப் படித்தவர்களில் பெரும்பாலோர் வேறு இடத்தில் அறை எடுக்க வசதியில்லாத பிள்ளைகள். வெட்டு எல்லாருக்கும் பொதுவானது என்று அன்று சொன்னார்கள். அதை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

கேள்வி (ஆறாம் படிவ மாணவி): "திறந்த வழி" என்று சில பல்கலைக்கழகங்கள் மாணவர்களைச் சேர்க்கின்றனவே, அது என்ன?

பதில்: பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான மைய விண்ணப்ப முறையான யூபியூ வழியாகக் கிடைக்கும் இடத்துக்கு அரசு மானியம் உண்டு. திறந்த வழியில் சேர்பவர் அதைவிடப் பல மடங்கு கட்டணத்தைத் தாமே செலுத்த வேண்டும். முன் பதிலில் சொன்ன வருவாய் தேடும் நெருக்கடியும் இவ்வழிக்கு ஒரு காரணம். தங்கையே, யூபியூ முடிவும் அதன் மீதான மேல்முறையீட்டின் முடிவும் வரும் வரை இதற்கு முன்பணம் கட்டிவிட வேண்டாம். யூபியூ தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் உரியன. ஆகவே சாரணர் இயக்கச் சான்றிதழையும் திடல்தடப் போட்டிச் சான்றிதழையும் பெட்டிக்கடியில் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி (லிந்தாங்கிலிருந்து ஒரு தாயார்): மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் முதல் நாள் செலவுக்கே கையில் பணமில்லை. பிடிபிடிஎன் எப்போது வரும்?

பதில்: அம்மா, முதல் கடன் தவணை வரச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்காகவே குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் எஸ்டிஆர் உதவித்தொகை பெறும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 1,500 ரிங்கிட் வரை முன்பணம் தரும் ஏற்பாடு உள்ளது. இது பின்னர் கடனில் கழித்துக்கொள்ளப்படும். விண்ணப்பிக்கும் முன் மகளின் பெயரில் எஸ்எஸ்பிஎன் எனும் பிடிபிடிஎன்னின் கல்விச் சேமிப்புக் கணக்கு இருக்க வேண்டும். அதை இப்போதே திறந்துவிடுங்கள். உங்கள் ஊழியர் சேமநிதியில் செஜாத்தெரா எனும் உட்கணக்கிலிருந்தும் பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்கு எடுக்கலாம். ஆயினும் அது உங்கள் முதுமைக்கான பணம் என்பதால், அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். கடன் ஒப்பந்தத்தைப் பக்கம் பக்கமாகப் படிக்காமல் மகளைக் கையெழுத்திட விடாதீர்கள். மலாய் சட்டச் சொற்கள் கடினமாக இருந்தால், படித்துச் சொல்லக்கூடிய ஒருவரை அருகில் உட்கார வையுங்கள்.

கேள்வி (டிப்ளோமா மாணவர்): வட்டி எவ்வளவு?

பதில்: வட்டி என்று சொல்வதில்லை, "ஊஜ்ரா" எனப்படும் சேவைக் கட்டணம், ஆண்டுக்கு 1 விழுக்காடு. 24,000 ரிங்கிட் கடனைப் பத்தாண்டில் திருப்புவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 240 வீதம் 2,400 சேரும். மொத்தம் 26,400, மாதம் 220. பழைய 3 விழுக்காட்டு ஒப்பந்தத்தில் இன்னும் இருப்பவர்கள் ஊஜ்ராவுக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி (பட்டதாரி, ஈப்போவில் வேலை): இந்தக் கடனைக் கட்டுவதே வீண். 2018 பொதுத் தேர்தலின்போது, சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டும் வரை கட்ட வேண்டாம் என்றுதானே வாக்குறுதி தந்தார்கள்? என்றாவது ஒரு நாள் முழுவதும் தள்ளுபடி ஆகும். அதுவரை நான் கட்டப் போவதில்லை.

இதற்கு ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், "என் மூன்று பிள்ளைகளும் கட்டி முடித்தார்கள், இவர் மட்டும் ஏன் கட்டக் கூடாது?" என்று எழுத, வேறொருவர், "கல்வி இலவசமாக இருக்க வேண்டியது, கடன் வாங்க வைத்ததே அநீதி" என்று மறுத்தார். அதன்பின் வந்த கேள்விகளில் பாதி இதைப் பற்றியவையே. மூவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

பதில்: தம்பி, அந்த வாக்குறுதி தரப்பட்டது உண்மை, அது நிறைவேறவில்லை என்பதும் உண்மை. அதே 2018 டிசம்பரில், மாதம் 2,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குவோரின் சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்யும் திட்டம் அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பு எழுந்ததும் நிறுத்தி வைக்கப்பட்டது. உங்கள் கோபத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் பிடிபிடிஎன் அரசுக் கருவூலத்தை மட்டும் நம்பி நடப்பதன்று. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அந்தக் கழகம், அரசு உத்தரவாதத்துடன் சந்தையில் கடன் வாங்கித்தான் மாணவர்களுக்குக் கடன் தருகிறது. நீங்கள் கட்டாத பணத்தை வேறொருவர் கட்ட வேண்டும், அல்லது அடுத்து வரும் மாணவரின் பங்கு குறைய வேண்டும். 2014 நவம்பரில் பொதுக் கல்விக்கூட மாணவரின் கடனில் 5 விழுக்காடும் தனியார் கல்விக்கூட மாணவரின் கடனில் 15 விழுக்காடும் குறைக்கப்பட்டதை நினைவில் கொள்ளுங்கள். அந்தக் குறைப்பு தோட்டப்புறத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளையும் தாக்கியது.

இலவசக் கல்வி கேட்கும் நண்பரோடு எனக்கு அடிப்படையில் முரண்பாடில்லை. மிக ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கடனுக்குப் பதிலாக மானியமே தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதை வரவு செலவுத் திட்டத்தில் கேட்டுப் பெற வேண்டும். தவணையை நிறுத்தி அதைப் பெற முடியாது. இந்த ஊரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டங்களில் வேலையிழக்க இருந்த தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் செலுத்தித் தோட்டங்களையே வாங்கினார்கள். நம் மக்களுக்குக் கூட்டுப் பணத்தின் பொறுப்பு புதிதன்று.

தவணை நிலுவை மத்திய வங்கியின் கடன் தகவல் பதிவான சிசிஆர்ஐஎஸ்ஸிலும் ஏறும். நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி அதைப் பார்க்கும். இவ்விவாதத்தை இத்துடன் நிறுத்துகிறேன்.

கேள்வி (மூவர், வெவ்வேறு சொற்களில்): பிடிபிடிஎன் எப்போது விண்ணப்பிப்பது? எப்போது திருப்பிக் கட்டுவது?

பதில்: இடம் கிடைத்த கடிதம் கைக்கு வந்ததும் விண்ணப்பியுங்கள். படிப்பு முடிந்த பன்னிரண்டு மாதம் கழித்துத் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். இரண்டுக்கும் உரிய நாள் ஒப்பந்தத்திலும் அறிவிப்பிலும் இருக்கிறது. படியுங்கள்.

கேள்வி (ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வு எழுதும் மாணவர்): மெட்ரிகுலேஷனா, எஸ்டிபிஎம்மா?

பதில்: இரண்டும் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புகள். மெட்ரிகுலேஷன் கிடைத்தால் ஓராண்டில் முடியும். எஸ்டிபிஎம் ஒன்றரை ஆண்டு. எஸ்பிஎம்மில் 10ஏ பெற்றவர் எந்த இனத்தவராயினும் மெட்ரிகுலேஷன் இடம் உண்டென 2024இல் அரசு அறிவித்தது. மற்றவர்கள் இரண்டுக்கும் விண்ணப்பித்து வையுங்கள்.

கேள்வி (தாயார், மீண்டும்): யூபியூ விண்ணப்பத்தை நிரப்பித் தர ஒருவர் 300 ரிங்கிட் கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். பள்ளி ஆசிரியர் இலவசமாகச் செய்து தருவார்.

கேள்வி (தந்தை): தனியார் கல்லூரி ஒன்று, "கடன் முழுக்க வந்துவிடும், நீங்கள் எதுவும் கட்ட வேண்டாம்" என்கிறது.

பதில்: என் சகோதரியின் மகனிடமும் ஒரு கல்லூரி இதையே சொன்னது. கடன் வந்தது, கட்டணத்துக்குப் பற்றவில்லை, இரண்டாம் ஆண்டில் படிப்பு நின்றது, கடன் மட்டும் மிஞ்சியது. படிப்புக்கு, தரத்தைச் சரிபார்க்கும் அரசு அமைப்பான எம்கியூஏவின் அங்கீகாரம் உண்டா என்பதை நீங்களே பாருங்கள். முழுக் கட்டணத்தையும் கடன் தொகையையும் ஒரு தாளில் அருகருகே எழுதுங்கள். அதன் பிறகும் ஒப்பந்தத்தைப் படித்த பின்னரே கையெழுத்து.

கேள்வி (தோட்டக் கிராணி): தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு எந்தத் தடை அதிகம் வருகிறது?

பதில்: பெயர். சென்ற மாதம் ஒரு பெண் நெகிழிப்பையில் தாள்களைக் கொண்டுவந்தாள். தந்தையின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அவருடைய அடையாள அட்டையில் வேறு விதமாகவும், உங்கள் தோட்டம் தரும் சம்பளச் சீட்டில் மூன்றாவது விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. தந்தையின் வருமானத்தை உறுதிசெய்ய முடியாமல் விண்ணப்பம் நின்றுவிட்டது. ஐயா, சம்பளச் சீட்டின் பெயரை அடையாள அட்டையின் எழுத்துப்படியே திருத்த உங்களால் இயலும். பிறப்புச் சான்றிதழைத் திருத்தப் பதிவிலாகாவுக்குப் பெற்றோர்தாம் போக வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். ஆகவே ஐந்தாம் படிவப் பிள்ளையின் வீட்டுக்கு இவ்வாரமே சொல்லி அனுப்புங்கள்.