ஐப்பசி மழைக்கு முன் பூந்தோட்டம்: கேள்வி பதில்

மன்னார்குடி: கனகாம்பரப் பாத்தியில் இடையிடையே செண்டுமல்லி நடலாமா அண்ணே?

மழைக்கு முன்னால் வேண்டாம். செண்டுமல்லி நாலைந்து மாதத்தில் ஓய்ந்துவிடும். பிடுங்கும்போது கனகாம்பரத்தின் வேரும் அறுபடும். அந்த இடத்தில் தண்ணீர் நின்றால் வாடல் நோய்தான். செண்டுமல்லிக்குத் தனி மேட்டுப்பாத்தி போடுங்க: முக்கால் அடி உயரம், மூன்றடி அகலம், சுற்றிலும் வடிகால். நம்ம களிமண்ணோடு மணலும் மக்கிய எருவும் சம பங்கு. 25 முதல் 30 நாள் நாற்றை 45-க்கு 35 செ.மீ. இடைவெளியில் நட்டு, 30-ஆம் நாள் நுனியைக் கிள்ளிவிடுங்க.

திருவாரூர்: சாமந்தி தழைக்குது, மொட்டே இல்லை.

ராத்திரி வெளிச்சம் படுதா பாருங்க. நீண்ட இருட்டு கிடைத்தால்தான் சாமந்தி மொட்டு வைக்கும். ஒரே செடியில் தெருவிளக்குப் பக்கம் பச்சையாக நிற்கும், மறுபக்கம் பூத்திருக்கும். தொட்டியென்றால் கொல்லைக்கு நகர்த்துங்க. யூரியாவை நிறுத்துங்க.

மயிலாடுதுறை: முதல் பதிலை ஏற்க முடியலை. செண்டுமல்லி பக்கத்தில் இருந்தால் கனகாம்பரத்துக்கு வேரைத் தாக்கும் நூற்புழு வராதே?

பக்கத்தில் இருந்தால் போதாது. செண்டுமல்லி வேரிலுள்ள ‘ஆல்ஃபா டெர்தைனில்’ என்ற வேதிப்பொருள் அந்த வேரை ஒட்டிய மண்ணில்தான் வேலை செய்யும்; ஓரடி தள்ளி நிற்கும் செடிக்குக் காப்பு இல்லை. பாத்தி முழுக்க நெருக்கமாகச் செண்டுமல்லி நட்டு, இரண்டு மூன்று மாதம் வளர்த்து, மண்ணிலேயே மடக்கிவிட்டு, அதற்குப் பிறகு கனகாம்பரம் நடணும். வரிசை முக்கியம்: முதலில் அது, பிறகு இது.

மயிலாடுதுறை: வரப்பில் செண்டுமல்லி நட்டிருக்கோம், கனகாம்பரம் நல்லாத்தானே இருக்கு?

ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்க. மிளகு மிளகாக முடிச்சு இருந்தால் புழு உள்ளேதான் இருக்கு. இலை மஞ்சளாகி நடுப்பகலில் தொய்யும்வரை காத்திருந்தால் வேர் பெரும்பாலும் போயிருக்கும். முடிச்சே இல்லையென்றால், அந்த மண்ணில் முதலிலிருந்தே புழு இல்லாமல் இருந்திருக்கலாம். அதைச் செண்டுமல்லியின் கணக்கில் எழுதாதீங்க.

பாபநாசம்: வேப்பம்புண்ணாக்கு?

போடுங்க, நடும்போதே மண்ணில் கலந்து. முடிச்சு விழுந்த செடியை அது மீட்காது.

டொரொண்டோ: இங்கே டாலியாவையும் தொட்டி மல்லியையும் குளிரில் எப்படிக் காப்பாற்றுவது?

முதல் உறைபனியில் டாலியா இலை கருகியதும் தண்டை அரையடி விட்டு வெட்டி, கிழங்கைத் தோண்டி, ஈரம் உலர்த்தி, மரத்தூளில் புதைத்து 5 முதல் 10 டிகிரியில் வையுங்க. கடைசி உறைபனி கழிந்ததும் நடலாம். மல்லித் தொட்டியை இரவுக் குளிர் 10 டிகிரிக்கு இறங்குமுன் வீட்டுக்குள், வெயில் விழும் சன்னலோரம்.

நாகப்பட்டினம்: மல்லி இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை.

இரும்புச்சத்துக் குறை. அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், மாதம் ஒருமுறை தெளிங்க. அதற்கு முன் வடிகால் பாருங்க. தண்ணீர் தேங்கினாலும் இதே மஞ்சள்தான்.

திருத்துறைப்பூண்டி: மழையில் கனகாம்பரம் வாடுது, என்ன மருந்து?

வடிகால். முதல் பதிலைப் படிங்க.

வலங்கைமான்: குண்டுமல்லி கவாத்து எப்போ?

நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில். அடைமழை நாளில் கத்தரியை எடுக்காதீங்க.