உழைப்பு கண்ணில் பட்டால் ஏன் நம்பிக்கை வருகிறது?

நாம் மெனக்கெட்டது எதிரில் இருப்பவருக்குத் தெரிகிற மாதிரி ஒன்றைச் செய்வதுதான் கண்ணில் படும் உழைப்பு. வாய்ச்சொல்லுக்குச் செலவில்லை, "உங்கள்மேல் ரொம்ப மரியாதை" என்று பொய்யாகவும் சொல்லலாம். நேரத்தையும் அலைச்சலையும் அவ்வளவு சுலபமாகப் போலி செய்ய முடியாது. அதனால் நம்புகிறோம்.

மும்பைத் தமிழர்களின் கல்யாண அழைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் பத்திரிகையை விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவோம். தாராவியிலிருந்து கூட்ட நேரத்து லோக்கல் ரயிலில் இடிபட்டு, தொலைவிலுள்ள புறநகர் டோம்பிவிலி வரை வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தால்? போகாமல் இருக்க முடியுமா! (என் அத்தை இன்றும் "நேர்ல வந்து கூப்பிட்டாங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்.)

இயந்திரத்திடமும் நாம் இப்படித்தான் என்பது வேடிக்கை. ஹார்வர்டின் ரயன் பியூயெல், மைக்கேல் நார்ட்டன் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், எங்கெங்கே தேடுகிறது என்று காட்டியபடி காக்கவைத்த பயண இணையதளத்தை, உடனே விடை தந்த இணையதளத்தைவிட மேலாக மதித்தவர்கள் இருந்தார்கள்.

"அப்போ வியர்த்துக் காட்டினாலே போதுமா?" என்று தப்பாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஆனால் ஒரு கடையின் காபி கழுநீராக இருந்தால், எவ்வளவு உயரத்திலிருந்து ஆற்றினாலும் மறுநாள் அந்தக் கடைக்கு யாரும் போவதில்லை.