ஜிரா இல்லாத டீமுக்கு எக்செல்லில் பர்ன்டவுன் சார்ட் எப்படிப் போடுவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: சின்ன டீம், இரண்டு வார ஸ்பிரிண்ட் (ஸ்கிரம் முறையில் வேலையைத் திட்டமிட்டு முடிக்கும் ஒரு சுற்று), வேலையைக் கண்காணிக்க உதவும் ஜிரா மென்பொருளுக்கு லைசென்ஸ் கிடையாது. மேனேஜர் தினமும் பர்ன்டவுன் சார்ட், அதாவது மீதி வேலை நாளுக்கு நாள் எப்படிக் குறைகிறது என்று காட்டும் கோட்டுப் படம், கேட்கிறார். நெட்டில் எடுத்த டெம்ப்ளேட்டில் இன்றைய தேதிக்குப் பிறகு கோடு தடாலென்று பூஜ்யத்துக்கு விழுகிறது, லீவு நாட்கள் வேறு குழப்புகின்றன.

அந்த டெம்ப்ளேட்டை விட்டுவிட்டு வெற்று ஷீட்டில் தொடங்குங்கள் என்பதுதான் என் யோசனை. பெரும்பாலான டெம்ப்ளேட்களில் ஒவ்வொரு டாஸ்குக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம் இருக்கும். தினமும் யாராவது உட்கார்ந்து "இன்னும் எவ்வளவு மீதி" என்று நிரப்ப வேண்டும். முதல் ஸ்பிரிண்டில் எல்லாரும் ஒழுங்காக நிரப்புவார்கள். அப்புறம் வெள்ளிக்கிழமை மாலை, டீமில் ஸ்கிரம் முறையைக் கவனித்துக்கொள்ளும் ஸ்கிரம் மாஸ்டர் மட்டும் உட்கார்ந்து, ஒரு வாரத்துக்கான எண்களை ஞாபகத்திலிருந்து எழுதிக்கொண்டிருப்பார். அப்படி வந்த கோட்டை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. நான் எந்த டீமுக்குப் போட்டுக் கொடுத்தாலும் ஒரு ஸ்டோரிக்கு (டீம் முடிக்க வேண்டிய ஒரு வேலைத் துண்டு) இரண்டே தேதிகள்தான் கேட்பேன்: எப்போது ஸ்பிரிண்டுக்குள் வந்தது, எப்போது முடிந்தது. மீதியை எக்செல் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

முதல் ஷீட்டுக்கு "ஸ்டோரி" என்று பெயர் வையுங்கள். நான்கு நெடுவரிசை போதும்: ஸ்டோரியின் பெயர், பாயின்ட் (வேலையின் அளவுக்கு டீம் போடும் மதிப்பீடு), சேர்த்த தேதி, முடிந்த தேதி. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+டி (Ctrl+T) அழுத்தி டேபிளாக மாற்றிவிடுங்கள். நடுவில் புது ஸ்டோரி சேர்ந்தாலும் ஃபார்முலா அதையும் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

இந்த இடத்தில்தான் நிறைய பேருக்குக் காலை வாரும் ஒரு விஷயம் இருக்கிறது: தேதி. கிளையன்ட் கொடுத்த லேப்டாப்பில் பெரும்பாலும் அமெரிக்க முறையில் மாதம் முதலில் என்று செட்டிங் இருக்கும். நாம் பழக்கத்தில் 12/01/2026 என்று ஜனவரி 12-ஐ அடித்தால் அது டிசம்பர் 1 என்று எடுத்துக்கொள்ளும். 13/01/2026 என்று அடித்தால் பதின்மூன்றாவது மாதம் இல்லையே, அதனால் அதைத் தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். இரண்டிலும் எரர் வராது. ஸ்டோரி முடிந்திருக்கும், கோடு மட்டும் இறங்காது. எழுத்தாக மாறிய தேதியைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம்: கட்டத்தில் இடது ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும், சரியான தேதி வலது ஓரமாக நிற்கும். டிசம்பர் ஆகிப்போனது அப்படிக் கண்ணில் படாது. அதனால் டீமில் எல்லாருக்கும் ஒரே வழக்கம் சொல்லிக் கொடுங்கள்: தேதியை அடிக்கவே வேண்டாம், கன்ட்ரோலோடு செமிகோலன் அழுத்தினால் இன்றைய தேதி சரியாக வந்து உட்காரும்.

இரண்டாவது ஷீட்தான் சார்ட்டுக்கு. நிஜமான ஒரு காலத்தை வைத்தே காட்டுகிறேன், லீவு குழப்பமும் அதோடு தீர்ந்துவிடும். 2026 ஜனவரி 6, செவ்வாய்க்கிழமை பிளானிங். ஸ்பிரிண்ட் 7-ஆம் தேதி தொடங்கி 20-ஆம் தேதி முடிகிறது. சனி, ஞாயிறு கழித்தால் பத்து நாள். ஆனால் 15 பொங்கல், 16 திருவள்ளுவர் தினம். ஆக வேலை நாள் எட்டுதான். பத்து என்று வைத்துக் கோடு போட்டால் முதல் நாளிலிருந்தே அந்தக் கோடு பொய். இதைக் கையால் எண்ண வேண்டியதில்லை. ஓர் ஓரத்தில் லீவு தேதிகளை எழுதி வையுங்கள். முதல் வரியில் 6-ஆம் தேதியைப் போடுங்கள். அடுத்த வரியில் ஒர்க்டே (WORKDAY) ஃபார்முலா: மேலே உள்ள தேதி, 1, லீவுப் பட்டியல். கீழே இழுத்தால் 7, 8, 9, 12, 13, 14 என்று வந்து நேராக 19-க்குத் தாவி 20-இல் நிற்கும். லீவுப் பட்டியலை மட்டும் டாலர் குறி போட்டுப் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இழுக்கும்போது அதுவும் சேர்ந்து நகரும். வெள்ளி, சனி விடுமுறை உள்ள சவுதி மாதிரி இடங்களில் இருப்பவர்களுக்கு ஒர்க்டே.இன்ட்ல் (WORKDAY.INTL) என்று தனி ஃபார்முலா உண்டு. அதில் 7 என்று கொடுத்தால் வெள்ளியும் சனியும் வார விடுமுறை ஆகும். ஞாயிறு மட்டும் லீவு என்றால் 11.

கவனியுங்கள், எட்டு வேலை நாளுக்கு ஒன்பது வரிகள். பிளானிங் நாள் பூஜ்யமாவது நாள். அந்த வரியை விட்டுவிட்டால் ஐடியல் கோடு (தினமும் ஒரே அளவு வேலை முடிந்தால் மீதி எப்படி இறங்கும் என்று காட்டுவது) முதல் நாள் மாலையே மொத்தப் பாயின்டில், உதாரணமாக 40-இல், தொடங்கும், கடைசி நாளில் பூஜ்யத்தைத் தொடாது. "என் சார்ட் ஏன் தரையைத் தொடவில்லை" என்று கேட்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

ஐடியல் கோட்டுக்கு மொத்தப் பாயின்டை வேலை நாளால் வகுத்து, எத்தனையாவது நாளோ அதனால் பெருக்கி, மொத்தத்திலிருந்து கழியுங்கள். 40 பாயின்ட், 8 நாள் என்றால் ஒரு நாளைக்கு 5. ஆக 40, 35, 30 என்று இறங்கி 20-ஆம் தேதி பூஜ்யம். இந்த 40 பிளானிங் அன்று இருந்த 40. நடுவில் வேலை கூடினாலும் இதை மாற்றாதீர்கள். ஒப்பிடுவதற்கு ஒரு கோடாவது அசையாமல் இருக்க வேண்டும்.

உண்மையான மீதிதான் முக்கியமான ஃபார்முலா. அந்தத் தேதி வரை சேர்ந்த பாயின்ட்களின் கூட்டலிலிருந்து, அந்தத் தேதி வரை முடிந்த பாயின்ட்களின் கூட்டலைக் கழிக்க வேண்டும். இரண்டுக்கும் சம்இஃப்ஸ் (SUMIFS) போதும்:

= சம்இஃப்ஸ்(பாயின்ட், சேர்த்த தேதி, "<=" & இந்த வரியின் தேதி) − சம்இஃப்ஸ்(பாயின்ட், முடிந்த தேதி, "<=" & இந்த வரியின் தேதி)

இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன், ஷீட்டில் அந்தந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுக் குறியை மட்டும் இரட்டை மேற்கோளுக்குள் போட்டு, தேதி இருக்கும் கட்டத்தை & குறியால் வெளியே ஒட்ட வேண்டும். தேதியையும் மேற்கோளுக்குள் தள்ளிவிட்டால் விடை பூஜ்யம்தான். முடியாத ஸ்டோரிகளில் முடிந்த தேதி காலியாக இருப்பதால் பிரச்சினை இல்லை, காலிக் கட்டத்தை இந்த ஃபார்முலா கணக்கில் எடுக்காது.

இப்போது உங்கள் கோடு பூஜ்யத்துக்கு விழும் கதை. இனிமேல் வரப்போகும் நாட்களுக்கு மீதியைக் காட்டக்கூடாது என்று டெம்ப்ளேட் செய்தவர் ஒரு இஃப் போட்டு, வெற்று மேற்கோள் "" கொடுத்திருப்பார். பார்க்கக் கட்டம் காலிதான். ஆனால் எக்செல் சார்ட் அதை எழுத்து என்று எடுத்து, எழுத்துக்குப் பூஜ்யம் என்று வரைந்துவிடும். அந்த இடத்தில் என்ஏ (NA) ஃபார்முலாவைக் கொடுங்கள்: தேதி, இன்றைய தேதியைத் தரும் டுடே-யைவிட (TODAY) பெரியது என்றால் என்ஏ(), இல்லாவிட்டால் மேலே சொன்ன கழித்தல். கட்டத்தில் அசிங்கமாக ஒரு எரர் தெரியும், ஆனால் கோடு இன்றோடு நின்றுவிடும். கண்ணை உறுத்தினால் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் அந்த எழுத்தை வெள்ளையாக்கிக்கொள்ளலாம். எரரை மறைக்கிறேன் என்று இஃப்எரர் (IFERROR) போட்டு மறுபடியும் "" கொடுத்தால் பழைய கதைதான். இன்னொன்று, காலை ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில் சார்ட்டைப் பார்க்கும் டீம் என்றால் "பெரியது" என்பதற்குப் பதில் "பெரியது அல்லது சமம்" என்று வையுங்கள். இல்லாவிட்டால் இன்று யாரும் எதுவும் முடிப்பதற்கு முன்பே இன்றைய புள்ளி நேற்றைய உயரத்திலேயே நின்று, வேலை தேங்கிவிட்டது போலக் காட்டும்.

சார்ட் வரைவது சுலபம், லைன் சார்ட் போதும். ஒரே சிக்கல், கீழ் அச்சில் தேதி இருந்தால் எக்செல் சனி, ஞாயிறு, பொங்கல் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கிவிடும். 14-க்கும் 19-க்கும் நடுவில் ஐடியல் கோடு சரிவு குறைந்து படுத்துவிடும். ஃபார்மேட் ஆக்சிஸில் போய் டெக்ஸ்ட் ஆக்சிஸ் என்று மாற்றினால் சரியாகிவிடும். கூகுள் ஷீட்ஸிலும் வேலை செய்ய வேண்டும் என்றால் டெக்ஸ்ட் (TEXT) ஃபார்முலாவால் தேதியை எழுத்தாக மாற்றிப் பக்கத்தில் ஒரு லேபிள் நெடுவரிசை வைத்து, அதைக் கீழ் அச்சுக்குக் கொடுங்கள். நான் அப்படித்தான் வைக்கிறேன்.

இவ்வளவோடு நிறுத்திவிடாமல் மூன்றாவது கோடு ஒன்றையும் போடச் சொல்வேன்: மொத்த வேலை. மீதி ஃபார்முலாவின் முதல் பாதிதான் அது, தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஏன் வேண்டும் என்று மேலே சொன்ன ஸ்பிரிண்டிலேயே பாருங்கள். 9-ஆம் தேதி மாலை மீதி 32 என்று வைத்துக்கொள்வோம். 12-ஆம் தேதி டீம் 5 பாயின்ட் ஸ்டோரி ஒன்றை முடிக்கிறது. அதே நாள் புரொடக்ஷனிலிருந்து, அதாவது பயன்பாட்டில் இருக்கும் மென்பொருளிலிருந்து, ஒரு டிஃபெக்ட் (பிழை) வந்து 5 பாயின்டாக உள்ளே நுழைகிறது. மாலையிலும் மீதி 32. கோடு படுத்துக் கிடக்கிறது. இரண்டு கோடு மட்டும் உள்ள சார்ட்டைப் பார்க்கிறவர் "திங்கட்கிழமை யாருமே வேலை செய்யலையா?" என்றுதான் கேட்பார். உண்மையில் அன்று டீம் முழுதாக உழைத்திருக்கிறது. மொத்த வேலைக் கோடு 40-லிருந்து 45-க்கு ஏறியிருப்பது பக்கத்திலேயே தெரிந்தால் அந்தக் கேள்வி எழாது. "அந்த டிஃபெக்டுக்குப் பதில் எதை எடுக்கலாம்?" என்ற சரியான பேச்சு தொடங்கும்.

சரி, எந்த வேலை முக்கியம் என்று முடிவு செய்யும் பிராடக்ட் ஓனர் 8 பாயின்ட் ஸ்டோரி ஒன்றை எடுத்துவிடச் சம்மதித்துவிட்டார். உடனே அந்த வரியை டெலீட் செய்துவிடாதீர்கள். செய்தால் அந்த ஸ்டோரி முதல் நாளிலிருந்தே இல்லாதது போலப் பழைய புள்ளிகள் எல்லாம் மாறிவிடும். அதற்குப் பதில் புது வரி ஒன்றில் −8 என்று போட்டு, சேர்த்த தேதியாக 13-ஆம் தேதியைக் கொடுங்கள். அன்று டீமும் 8 பாயின்ட் முடித்திருந்தால் மீதி 32-லிருந்து 16-க்கு வரும். ஐடியல் 15. அதில் பாதி இறக்கம் உழைப்பால் வந்தது, பாதி வேலையைக் குறைத்ததால் வந்தது என்பதை மொத்த வேலைக் கோடு 45-லிருந்து 37-க்கு இறங்கிக் காட்டிவிடும்.

கோடு சொல்லும் மற்ற சேதிகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த டீம்களில் திரும்பத் திரும்ப வருவது அதுதான். ஏழு நாள் தட்டையாகக் கிடந்துவிட்டு எட்டாவது நாள் செங்குத்தாக விழுவது. டெவலப்பர்கள் ஆளுக்கொரு ஸ்டோரியைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கடைசியில் ஒரே மூட்டையாக டெஸ்டிங்குக்குத் தள்ளுகிறார்கள் என்பதுதான் பெரும்பாலும் இதன் அர்த்தம். டெஸ்டர் ஒருவர் கடைசி இரண்டு நாள் ராத்திரி பகலாக விழித்திருப்பார். அவருடைய தூக்கத்துக்காகவாவது இதைச் சரிசெய்ய வேண்டும். ஸ்டோரியைச் சின்னதாக உடையுங்கள், ஒரே நேரத்தில் கையில் இருப்பதைக் குறையுங்கள். இந்த வடிவம் சார்ட்டில் தெரிய வேண்டுமானால், டெஸ்டிங் முடிந்த பிறகுதான் முடிந்த தேதி போடுவோம் என்பதில் டீம் உறுதியாக இருக்க வேண்டும். "தொண்ணூறு சதவீதம் முடிஞ்சிடுச்சு" என்பதற்குத் தேதி கிடையாது. பாதி ஸ்டோரிக்குப் பாதி பாயின்ட் கொடுக்க ஆரம்பித்தால் கோடு ஐடியலை ஒட்டி அழகாக இறங்கும், கடைசி நாளில் முழுதாக முடிந்தது என்று ஒரு ஸ்டோரிகூட இருக்காது.

மேனேஜர் விஷயம். "ஸ்கிரம் என்றால் பர்ன்டவுன் கட்டாயம்" என்று அவர் சொன்னால் பணிவாகச் சொல்லுங்கள், ஸ்கிரமின் விதிகளைச் சொல்லும் ஸ்கிரம் கைடுக்கு 2011-இல் வந்த திருத்தத்திலேயே அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். 2020 பதிப்பில் பர்ன்டவுன், பர்ன்-அப் (முடிந்த வேலை ஏறுவதைக் காட்டும் சார்ட்) எல்லாம் பயனுள்ள வழிகள் என்ற அளவில்தான் பேசப்படுகின்றன. ஆனாலும் போடுங்கள், மேனேஜருக்கும் லிங்க் கொடுங்கள், மறைக்க எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: இதிலிருந்து ஆளுக்கு எத்தனை பாயின்ட் என்று அப்ரைசலுக்கு எண்ணக்கூடாது. அந்தக் கணக்கு உள்ளே வந்த அன்றே 3 பாயின்ட் வேலைக்கு 5 போடுவார்கள், முடியாததற்குத் தேதி விழும். பிறகு ஷீட் எவ்வளவு சரியாக இருந்தாலும் கோடு எதையும் சொல்லாது. உங்கள் ஷீட்டில் "யார்" என்ற நெடுவரிசையை நான் வேண்டுமென்றேதான் வைக்கவில்லை.

ஸ்பிரிண்ட் முடிந்ததும் ஃபைலை அப்படியே ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு, அடுத்ததற்குப் புதுக் காப்பியில் தொடங்குங்கள். முடியாத ஸ்டோரிகளுக்கு அடுத்த பிளானிங் தேதியைச் சேர்த்த தேதியாகப் போடுங்கள். பாயின்டை முழுதாகவே கொண்டு போங்கள், "பாதி முடிஞ்சதே" என்று 8-ஐ 3 ஆக்க வேண்டாம். ஒர்க்டே கட்டத்தில் முதல் தேதியை மாற்றி, லீவுப் பட்டியலைச் சரிபார்த்தால் அடுத்த சார்ட் தயார். ஃபார்முலாவில் எங்காவது சிக்கினால் எந்த வரியில் என்ன விடை வருகிறது என்று கமெண்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.